ஒட்டிக்கொண்ட வளையம்

ஜூன் 3, செவ்வாய்

டிராக்டருக்குப் பின்னால் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் இன்று பாதி உயரத்தில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி நடுவில் நிற்கிறது. லிவரை இழுத்தால் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சிணுங்கல். இழுக்க இழுக்கச் சிணுங்கல் கூடுகிறது. கீழ்த்துண்டில் நாலு வரிசைதான் ஓட்டியிருந்தேன். அதை அப்படியே தூக்கியும் தூக்காமலும் ஆமை வேகத்தில் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

இவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்து இன்றோடு பத்தொன்பது நாள். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடியே முற்றத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிறார். "லிவரை மெதுவா தள்ளு! மெதுவா!" மெதுவாகத் தள்ளினேன். வேகமாகத் தள்ளினேன். டயருக்கு ஒரு உதையும் விட்டேன். கால் வலிக்கிறது.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். வண்டியைத் தொடவில்லை, குனியவில்லை. போனை நீட்டிச் சத்தத்தைப் பதிவு செய்து மெக்கானிக்குக்கு அனுப்பினான். அந்த மெக்கானிக்குக்குக் 'காது' என்று பட்டப்பெயர். ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

"பம்பு போச்சாம் அண்ணி. இந்த பொம்மை வண்டிக்கு பம்பு போடுறதுக்கு சும்மா இருக்கலாம். ஒரு ஆளு கேட்டுட்டே இருக்கான். அடுத்த வாரம் சனிக்கிழமை வந்து எடுத்துட்டு போகட்டும். உங்களுக்கு எப்ப ஓட்டணுமோ சொல்லுங்க, நான் என் பெரிய வண்டியை அனுப்பறேன்."

எப்ப ஓட்டணுமோ சொல்லுங்க! மூன்று வருடத்துக்கு முன்னால் இதையேதான் சொன்னான். இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இருபத்திரண்டு நாள் இழுத்தடித்தான். வண்டி வந்தபோது மழையும் கூடவே வந்தது. அதன் சக்கர அகலத்துக்கு எங்கள் வரிசை இடம் கொடுக்காது. பாதி பீன்ஸ் கொடி சக்கரத்துக்கடியில் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஒற்றைக்காலில் நின்று இந்தச் சின்ன வண்டியை வாங்க வைத்தேன்.

இது போய்விட்டால் எங்கள் மண்ணில் என்று விதைப்பது என்பதைக் கொழுந்தன் முடிவு செய்வான். விஷயம் அவ்வளவுதான்.

வண்டி போகாது. எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். உரச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. பாதிப் பக்கங்கள் எலிக்கு உணவாகியிருந்தன. நல்லவேளை, எலிக்கு ஹைட்ராலிக்கில் ஆர்வமில்லை.

'லிஃப்ட் திணறினாலோ சத்தம் போட்டாலோ' என்று ஒரு பட்டியல். முதல் வரி: ஆயிலின் அளவைப் பார். இரண்டாவது: ஆயிலின் நிறத்தைப் பார். மூன்றாவது: ஃபில்டரை மாற்று. நான்காவது: காற்று எங்கேயாவது உள்ளே போகிறதா பார். பம்பு ஏழாவது வரியில் வருகிறது. காது மெக்கானிக் ஆறு வரிகளைத் தாண்டிக் குதித்துவிட்டார், அதுவும் போனிலேயே.

அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. நிறம்தான் சரியில்லை. தேன் நிறத்தில் இருக்க வேண்டியது பால் கலந்த டீயாக, மேலே நுரையோடு இருந்தது. கம்பியை இவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தம்பிதான் சொல்றானே. விட்டுடேன். நான் எழுந்து நடக்கிற வரைக்கும் யாரு இதோட மல்லு கட்டுறது?"

"நான்தான்."

"உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"உங்களுக்கு இடுப்பு மட்டும்தான் உடைஞ்சதுன்னு நினைச்சேன். முதுகெலும்புமா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் இப்போதைக்கு அவ்வளவுதான் திரும்ப முடியும்.

ஜூன் 5, வியாழன்

ஃபில்டரும் ஆயிலும் வாங்கினேன். கடைக்காரர், "வீட்டுல ஆம்பளைங்க யாராவது வந்தா விவரமா சொல்லி அனுப்பலாம்" என்றார். "விவரத்தை என்கிட்டயே சொல்லுங்க, நான் போய் ஆம்பளைங்களுக்கு சொல்லிக்கிறேன்" என்றேன். சொன்னார். விவரமாகவே சொன்னார், பாவம்.

ஜூன் 7, சனி

மாற்றினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கோபம் வந்தாலும்.

காலையில் இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். ஆயில் சூடாக இருந்தால்தான் அடிமண்டியோடு இறங்கும் என்று கையேடு சொல்கிறது. ரோட்டவேட்டரைக் கழற்றி ஒதுக்கிவைத்து, லிஃப்ட் கையைக் கீழே இறக்கிவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். ஆயிலைப் பிடிக்கிற அளவுக்குத் தட்டு இல்லை. மகளைக் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டி பரணில் இருந்தது. அவள் கல்யாணமாகிப் போய் நாலு வருடம் ஆகிறது. தொட்டியை அடியில் தள்ளி, நட்டைத் திருகினேன். வந்தது பார், கெட்டுப்போன டீ, கடகடவென்று, முழங்கை வரைக்கும். தொட்டி விளிம்பு வரை வந்து நின்றது. ஜன்னலிலிருந்து, "கீழ கொட்டிடாதே!" ஏற்கெனவே கொட்டியிருந்தது.

அடுத்தது ஃபில்டர். வண்டியின் வலப்பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னால், இரும்புச் சட்டத்துக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் ஒளிந்திருக்கிற டப்பா. கையை நுழைக்க இடமே இல்லை. வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு நுழைத்தேன். அப்படியும் புறங்கை சிராய்ந்தது. கையால் திருக அசையவில்லை. பெல்ட்டைச் சுற்றி இழுக்கலாமே என்று தோன்றியது. இவரிடம் போய்க் கேட்டேன்.

"உங்க தோல் பெல்ட்டை குடுங்க."

"எதுக்கு?"

"உங்களுக்கு இப்ப எதுக்கு?"

சிரித்தார். புதன்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. பெல்ட்டைச் சுற்றிக் கொக்கி போட்டு, காலைச் சட்டத்தில் ஊன்றி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. பழைய ஃபில்டரின் மேல் மார்க்கரில் ஒரு தேதி, என் கையெழுத்து, இரண்டு வருடத்துக்கு முந்தையது. நான் எல்லாவற்றிலும் தேதி எழுதுகிறவள், உப்பு டப்பாவைக்கூட விடுவதில்லை. அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் இறுகும் வரை திருகினேன். புதிய ஆயிலை ஊற்றினேன். அளவு பார்த்தேன். இன்றைய தேதியையும் எழுதினேன்.

வண்டியைக் கிளப்பி லிவரைத் தொட்டதும் லிஃப்ட் கை எழுந்தது! சத்தமே இல்லை. இறக்கினேன். ஏற்றினேன். ஆறு தடவை ஏற்றி இறக்கினேன், பைத்தியக்காரி மாதிரி. ஜன்னலில் இவர் கையைத் தட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தானா கொழுந்தன் வர வேண்டும்? வந்தவன் வாசலில் நின்று பார்த்தான். நானும் பெருமையாக ஏழாவது தடவை தூக்கினேன். பாதியில் நின்றது. சிணுங்கல். அதே சிணுங்கல், இன்னும் கொஞ்சம் உரக்க.

"பம்புதான்னு சொன்னேன்ல அண்ணி. கேட்டாத்தானே. நல்ல ஆயிலும் வீணா போச்சு."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பாவப்பட்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

கையை எத்தனை முறை கழுவியும் ஆயில் வாடை போகவில்லை. சோற்றில்கூட அதே வாடை. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 9, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

காலையில் கொட்டகையைப் பெருக்கப் போனேன். வண்டிக்கு அடியில் ஒரே ஒரு சொட்டு. பெரிய பொட்டளவு, தேன் நிறம். புதிய ஆயில். மேலே பார்த்தேன்; ஃபில்டரின் விளிம்பில் இன்னொரு சொட்டு விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. கையால் இறுக்கிப் பார்த்தேன். இறுகியேதான் இருக்கிறது. இறுகின ஃபில்டர் ஏன் ஒழுக வேண்டும்? ஆயில் வெளியே வருகிற வழியில் காற்று உள்ளே போகாதா? நான்காவது வரி! காற்று எங்கேயாவது உள்ளே போகிறதா பார்!

தொட்டியைக் கழுவித் துடைத்து வைத்து, ஆயிலை இறக்கி, ஃபில்டரை மறுபடி கழற்றினேன். அதன் வளையம் அதிலேயே இருந்தது, பளபளவென்று. பிறகு கையை நுழைத்து, ஃபில்டர் உட்காருகிற இடத்தைத் தடவினேன். கண்ணுக்குக் கறுப்பு, எல்லாமே அங்கே கறுப்புதான். ஆனால் விரலுக்கு வேறு மாதிரி. இரும்பு சில்லென்று இருக்கும். இது சில்லென்று இல்லை. நகத்தால் அழுத்தினேன். நகம் பதிந்தது.

இரும்பில் நகம் பதியுமா?

ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் இரும்பு கீறிவிடும் என்று துணிக் கிளிப்பின் மரத்துண்டைச் சீவி எடுத்து, மெல்ல மெல்ல நெம்பினேன். அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு ஓரம் கிளம்பியது. அப்புறம் முழுதும் வந்தது. ஒரு பழைய ரப்பர் வளையம், அப்பளமாகத் தட்டையாகி, கல்லாகக் காய்ந்து, இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

குப்பைக் கூடையைக் கவிழ்த்து, என் தேதி போட்ட பழைய ஃபில்டரை எடுத்தேன். அதன் வளையம் அதில் பத்திரமாக இருக்கிறது. அப்படியானால் இது அதற்கும் முந்தைய ஃபில்டருடையது. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ அந்த ஃபில்டரைக் கழற்றும்போது வளையம் மேலேயே தங்கிவிட்டது. பார்க்காமல் அதன் மேல் புதியதை மாட்டியிருக்கிறார்கள். வளையத்தின் மேல் வளையம். முதலில் தாங்கியது, ரப்பர் காயக் காயச் சந்து விட்டுக் காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை நானும் அதன் மேலேயே மாட்டினேன்.

இடத்தைத் துணியால் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். மாட்டினேன். ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டி, நுரை அடங்கும் வரை காத்திருந்து ஊற்றினேன். கிளப்பினேன். தூக்கியது. பத்து தடவை, இருபது தடவை. ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு கீழ்த்துண்டில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். சிணுங்கல் இல்லை. இருக்கையில் உட்கார்ந்தபடியே அழுதேன், யாருக்கும் தெரியாது, இன்ஜின் சத்தம் இருந்தது.

இப்போது ஒரே கேள்வி. யார் அது? யார் அந்தக் கண்ணில்லாத ஆள்? வேறு யார், காதை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கிறவர்தான். நாளைக்கு இருக்கிறது அவருக்கு.

ஜூன் 10, செவ்வாய்

வளையத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு மெக்கானிக் பட்டறைக்குப் போனேன். அவருடைய மேஜையில் வைத்துப் பிரித்தேன்.

"என்னண்ணே இது?"

எடுத்தார். வளைத்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். "ஃபில்டர் ரிங்கு. கழட்டும்போது மேலயே ஒட்டிக்கும் சனியன். அதுக்கு மேல இன்னொண்ணு மாட்டிட்டாங்களா? அதான் காத்து இழுத்திருக்கு. அட, சத்தம் அப்படியே பம்பு மாதிரியே இருந்துச்சேம்மா!"

"மாட்டினதே நீங்கதானே?"

"நானா? வண்டி வந்த புதுசுல ஒரே தடவை மாத்தினேன். போன தடவை உங்க வீட்டுக்காரர் வந்து ஃபில்டர் மட்டும் வாங்கிட்டு போனார். நாங்களே மாத்திக்கிறோம்னார். இங்க நிக்கிற எல்லார் முன்னாடியும் சொன்னார்."

சண்டை போட வந்தவள் வளையத்தை மறுபடி பொட்டலம் கட்டினேன். அவர் அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். வாசல் வரை வந்து, "நெம்பி எடுத்தது எதை வெச்சும்மா?" என்று கேட்டார். துணிக் கிளிப் என்றேன். "நல்ல யோசனை" என்றார். இன்னொன்றும் சொன்னார்: நுரையில் ஓடிய பம்பு, அதனால் ஐம்பது மணி நேரம் ஓடினதும் ஃபில்டரை மட்டும் இன்னொரு தடவை மாற்றிவிட வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வளையத்தை இவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். "போன தடவை ஃபில்டரை மாட்டினது யாரு?"

வளையத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான்தான்."

"கண்ணு பொடதியிலயா இருந்துச்சு? பழைய ரிங்கு வந்துச்சான்னு பாக்க மாட்டீங்களா? இதுக்காக நான் ஒரு வாரமா வண்டிக்கடியில கிடந்தேன். இதுக்காக உங்க தம்பி வண்டியை விக்க ஆள் புடிச்சிட்டான். நீங்க என்னடான்னா விட்டுடு விட்டுடுன்னு படுத்துக்கிட்டே..." இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர், "ஆமா, தப்புதான்" என்றார்.

கொழுந்தனுக்குப் பட்டறை வழியாகச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. போனில் கூப்பிட்டான். "இன்னைக்கு ஓடுது அண்ணி, சரி. நாளைக்கு? அண்ணனே ஃபில்டரை தப்பா மாட்டியிருக்கார், நீங்க எப்படி பாத்துப்பீங்க? சனிக்கிழமை ஆளு வரட்டும். ஓடும்போதே தள்ளிவிடுறதுதான் புத்திசாலித்தனம்."

போனை வைத்துவிட்டேன். அவன் பேசி முடித்தானா தெரியாது.

ஜூன் 11, புதன்

கீழ்த்துண்டு முடிந்தது. முழுவதும். நானே.

ஜூன் 12, வியாழன்

துவைத்த துணியை உலர்த்தும்போது புறங்கைச் சிராய்ப்பு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு யோசனை வந்தது, வந்ததும் துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டேன்.

என் கைக்கே வளையலைக் கழற்ற வேண்டியிருந்தது. இவருடைய கை? ஒரு தேங்காயை ஒற்றைக் கையால் கவ்வித் தூக்குகிற கை. அந்தச் சந்துக்குள் அது எப்படிப் போயிருக்கும்?

அலமாரியிலிருந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தேன். ஃபில்டரில் இருந்த தேதியைத் தேடினேன். இருந்தது. என் கையெழுத்தில், நல்ல குண்டு குண்டாக, சந்தோஷமாக இருக்கும்போது எழுதுகிற எழுத்தில். அப்படியே இங்கே எழுதுகிறேன்:

'இன்று டிராக்டருக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். இவருடைய கை உள்ளே போகவில்லை. பழையதைக் கழற்றியதும் நான், புதியதை மாட்டியதும் நான். இவர் டார்ச் பிடித்தார். ரிங்கும் சேர்ந்து வந்துச்சா பாரு என்றார். எல்லாம் வந்துச்சு, நீங்க முதல்ல வெளிச்சத்தை ஒழுங்கா காட்டுங்க என்றேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. இனிமேல் காது மெக்கானிக்கின் தயவு நமக்குத் தேவையில்லை.'

மூன்று தடவை படித்தேன்.

கண்ணில்லாத ஆள் நான்தான். அவர் கேட்டிருக்கிறார், ரிங்கு வந்துச்சா என்று. கேட்டவரை அதட்டியிருக்கிறேன். எப்படி மறந்தேன்? இவர் 'நான்தான்' என்றதும் டார்ச் பிடித்தது நான் என்றே நம்பிவிட்டேனே. ஒழுகாமல் இருந்தவரை நான் செய்தது, ஒழுக ஆரம்பித்ததும் அவர் செய்தது, அப்படியா என் மனசு கணக்குப் போடும்?

செவ்வாய்க்கிழமை அவ்வளவு திட்டினேனே, பாவி. ஆமா, தப்புதான் என்றாரே.

துணி வாளியிலேயே கிடந்து மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 13, வெள்ளி

நோட்டைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "எழுத்து நல்லாயிருக்கு" என்றார்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். "நான் மாட்டினேன்னு சொன்னா தம்பி ரெண்டு நாள் சிரிப்பான். நீ மாட்டினேன்னு தெரிஞ்சா காலத்துக்கும் சொல்லுவான். வண்டியும் போயிடும்."

"நீங்க விட்டுடுன்னு சொன்னது?"

"அது நிஜமாவே பயந்துதான். இப்ப பயமில்லை. நீ அப்படியே விட்டுடு, அவன் கேட்டா நான்தான்னு சொல்லிக்கிறேன். எனக்கென்ன, படுத்த இடத்துலயே கிடக்கிறவன்."

அவருக்காக அழுகை வந்தது. கோபமும் வந்தது. இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு வண்டியை மிச்சப்படுத்தினால், நாளைக்கு ஒரு நட்டு லூசானாலும் நான் யார் முதுகுக்குப் பின்னால் ஒளிவேன்? இவர் முதுகே கட்டிலில் கிடக்கிறது. தப்பு என்னுடையது. அதை இன்னொருவருக்குத் தாரை வார்த்தால், நெம்பி எடுத்ததும் என்னுடையதில்லை என்றாகிவிடும். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்வேன்.

மன்னிப்புக் கேட்டேன். வாயால் கேட்டேன், முழுசாக. அவர், "முதுகெலும்புன்னு சொன்னதுக்குமா?" என்றார். அதற்கும்தான்.

ஜூன் 14, சனி

பத்து மணிக்குக் கொழுந்தன், ஒரு லாரி, வாங்க வந்தவர். வாங்க வந்தவர் நல்ல உயரம், மரியாதையான ஆள். லாரியில் வண்டியை ஏற்றுவதற்குப் பலகைகூடக் கொண்டுவந்திருந்தார்கள். நான் வண்டியை முற்றத்தின் நடுவில், ஜன்னலுக்கு நேர் எதிரில் நிறுத்தி வைத்திருந்தேன்.

கிளப்பினேன். ரோட்டவேட்டரைத் தூக்கினேன், இறக்கினேன், தூக்கிப் பிடித்தபடி இன்ஜினை நிறுத்தினேன். இறங்கவில்லை, அப்படியே நின்றது. வாங்க வந்தவர் குனிந்து, அடியில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்தே வந்தது.

"நல்லா இருக்கே. எதுக்கு குடுக்கிறீங்க?"

கொழுந்தன் முந்திக்கொண்டான். "வீட்டுல பாத்துக்க ஆள் இல்லைங்க. அண்ணன் படுத்துட்டார். அவரே போன தடவை ஃபில்டரை தப்பா மாட்டி..."

"அவர் மாட்டலை," என்றேன். "நான் மாட்டினேன்."

கொழுந்தன் என்னைப் பார்த்தான். ஜன்னலில் இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பழைய ரிங்கு மேலயே தங்கிடுச்சு. இவர் பாருன்னு சொன்னார், நான் பாக்கலை. காத்து இழுத்தது என்னால. போன சனிக்கிழமை அதே தப்பை இன்னொரு தடவையும் பண்ணினேன். திங்கக்கிழமை நானே கண்டுபிடிச்சு நெம்பி எடுத்தேன். எல்லாம் இந்த ஒரே கைதான்." கையைக் காட்டினேன். சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை.

"அப்ப நீங்களே ஒத்துக்கிறீங்களே அண்ணி! அதைத்தானே நானும் சொல்றேன், உங்களால..."

"ஒத்துக்கிறேன் தம்பி. நான் பண்ணின தப்பு எங்க இருக்குன்னு எனக்கு தெரியும், அதனால அதை எடுக்க முடிஞ்சது. நீங்க குனியாம, தொடாம, போனை நீட்டி சத்தம் புடிச்சி அனுப்பி, ஒரு நல்ல பம்பை செத்துப்போச்சுன்னு சொன்னீங்க. அந்த தப்பை யார் ஒத்துக்கிறது?"

அவன் திரும்பி ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். "அண்ணே! வண்டி உன் பேர்ல இருக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லு!"

இவர் கண்ணைத் திறந்தார். முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தார், வலித்திருக்கும். "சாவி யார் இடுப்புல இருக்குன்னு பாத்து அவங்களைக் கேளுடா."

சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

வாங்க வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு, "வர்றேங்கம்மா" என்றார். பலகையைத் தூக்கி லாரியில் போடும்போது என்னிடம் குரலைத் தாழ்த்தி, "எங்கிட்டயும் இதே மாடல் ஒண்ணு நிக்குது, தூக்க மாட்டேங்குது. அந்த ரிங்கு எந்த பக்கம் ஒட்டும்னு சொன்னீங்க?" என்று கேட்டார். காட்டினேன்.

கொழுந்தன் டீ குடிக்காமல் போனான்.

ஜூன் 16, திங்கள்

நேற்று காலை விதைத்து முடித்தேன். இன்று மழை.

ஜூலை 9, புதன்

இவர் ஊன்றுகோலோடு கொட்டகை வரை நடந்தார். வண்டியைச் சுற்றி வந்து, ஆணியில் மாட்டி வைத்திருக்கிற காய்ந்த வளையத்தைப் பார்த்தார். "இதை எதுக்கு தொங்கவிட்டிருக்கே?" என்றார். இருக்கட்டும் என்றேன். பெல்ட்டைத் திருப்பிக் கேட்டார். அது இப்போது கொட்டகைச் சாமான் என்றேன். கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஐம்பது மணி நேரம் ஆகிவிட்டது. ஃபில்டர் மாற்றுகிற நாள்.

தொட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் வந்தான். ஜூனுக்குப் பிறகு இந்த முற்றத்துக்கு இதுதான் முதல் தடவை. அண்ணனைப் பார்க்க வந்தேன் என்றான். அண்ணனைப் பார்த்தான். அண்ணனிடம் பேசினான். போகாமல் கொட்டகை வாசலில் வந்து நின்றான். பீன்ஸ் நன்றாகக் காய்த்திருக்கிறதே என்றான். வானத்தைப் பார்த்தான். கடைசியில் வாயைத் திறந்தான்.

"அண்ணி, பெரிய வண்டியில ஒரு சத்தம் வருது. தூக்கும்போது. காது பம்புன்னு சொல்றார். நீங்க ஒரு தடவை கேட்டீங்கன்னா..." என்று பையிலிருந்து போனை எடுத்தான்.

"போனை உள்ள வைங்க தம்பி. நாளைக்கு வண்டியை கொண்டுவாங்க. அதுக்கு முன்னாடி இந்த தொட்டியை பிடிங்க."

போனை உள்ளே வைத்தான். குனிந்தான்.

வண்டிக்கென்று தனியாகப் போட்டிருக்கிற நோட்டில் எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

ஃபில்டர் புதிது. கழற்றியதும் மாட்டியதும் நான். டார்ச் பிடித்தது இவர். தொட்டி பிடித்தது கொழுந்தன். 'ரிங்கு வந்துச்சா' என்று இவர் கேட்டார். வெளியே எடுத்து, வெளிச்சத்தில் வைத்து, இரண்டு பேருக்கும் காட்டினேன். மேலே விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவினேன், இரும்பு சில்லென்று இருந்தது.

பழைய வளையம்: ஒன்று.